அபூர்வ நிறம், அபூர்வ முகம்: வரன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குத் தரகர் கொண்டுவந்த பத்துப் புகைப்படங்களை ஆச்சி பாயில் பரப்பினார். ஒன்பது பெண்கள் மாநிறம். ஒருத்தி நல்ல சிவப்பு. எல்லோர் கையும் அந்தப் படத்துக்கே போனது. "நம் பக்கம் இந்த நிறம் அபூர்வம். அபூர்வமானதை மனசு தேடும் என்று அறிவியலே சொல்கிறதே" என்றார் மாமா.

மாமா அரைகுறையாகக் கேட்டிருந்தது உண்மையான ஆய்வைத்தான். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆண்களின் படங்களைக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். மழித்த முகங்களுக்கு நடுவே தாடிக்கு மதிப்பு கூடியது. தாடிகளுக்கு நடுவே மழித்த முகத்துக்குக் கூடியது. அபூர்வம் என்பது முகத்தில் இல்லை, பக்கத்தில் இருப்பவர்களில் இருக்கிறது.

சிவப்பு மோகத்துக்கு இதைச் சாட்சி சொல்ல வைப்பதுதான் பெரிய தவறு. அபூர்வம்தான் காரணம் என்றால், எல்லோரும் சிவப்பாக இருக்கும் வீட்டில் கறுப்புக்கு ஏக்கம் வர வேண்டும். "எங்கள் வீட்டில் எல்லோரும் சிவப்பு, கறுத்த பெண்ணாகப் பாருங்கள்" என்று தரகரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெயிலில் வயல்வேலை செய்யாத குடும்பம் என்ற அந்தஸ்து, சாதி, க்ரீம் விளம்பரம் எல்லாம் சேர்ந்து வளர்த்த ஆசை இது. இதற்கு இயற்கை என்று பெயர் சூட்டுவது அந்த ஒன்பது பெண்களுக்கும் செய்யும் அநியாயம்.

தாடிக்குப் பொருந்தியதை எல்லாவற்றுக்கும் நீட்டுவதும் தவறு. மறு ஆண்டே அதே ஆய்வாளர்கள் பெண்களின் முடி நிறத்தை வைத்துச் சோதித்தபோது, அபூர்வத்தால் விருப்பம் மாறவில்லை. கொசுப்புழு தின்னத் தொட்டியில் விடுகிறோமே, அந்தக் கப்பி மீனில் அபூர்வ நிறமுள்ள ஆணுக்கு இணை அதிகம் கிடைப்பது ட்ரினிடாட் ஓடைகளில் கண்ட உண்மை. மீனுக்கு ஜாதகமும் இல்லை, சீர்வரிசையும் இல்லை.

கண் போவதையே மனம் போவதாக எண்ணிவிடுவது இன்னொன்று. எங்கள் தெருவில் பூனைக்கண் உள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள். சிவப்பைவிட அபூர்வமான கண். நெல்லையப்பர் தேரோட்டக் கூட்டத்தில் அவளை ஒருமுறை பார்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பூனைக்கண்தான் வேண்டும் என்று தரகரிடம் கேட்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.