அக்மதோவாவின் ‘ரெக்வியம்’ கவிதையை வாசிப்புக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வது எப்படி?

வேலூர், குடியாத்தம், ஆரணி வட்டாரங்களில் மாதந்தோறும் கூடிப் படிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் ‘ரெக்வியம்’ (இரங்கற்பா), ஸ்டாலின் காலத்துச் சிறை வாசல்களில் காத்து நின்ற பெண்களின் துயரைச் சொல்லும் கவிதை. எழுதி வைத்தால் ஆபத்து என்பதால் அது பல ஆண்டுகள் தாளில் இல்லாமல், நம்பிக்கைக்குரிய சிலரின் நினைவில் மட்டுமே இருந்தது. ஆகவே, அச்சுப் பிரதியைக் கொடுத்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்தால் பாதிக் கவிதை கைநழுவிப் போகும். மனப்பாடம் செய்வதையே கூட்டத்தின் மையமாக வைக்க வேண்டும்.

முதலில் ஒருவர் காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லட்டும். அக்மதோவா 1889இல் ஒடெஸாவுக்கு அருகில் பிறந்தார். 1912இல் முதல் தொகுப்பு வந்தது. அவருடைய முதல் கணவரும் கவிஞருமான குமிலியோவ் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1935இல் மகன் லெவ் கைதாகி, தாய் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதிய பின் விடுதலையானார். 1938இல் மீண்டும் கைதானார். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். அவருடைய காதல்களையும் திருமணங்களையும் பற்றிய பேச்சு எழுந்தால் நயமாக நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கவிதைக்கு முன்னால் உள்ள உரைநடைக் குறிப்பை வாசியுங்கள். லெனின்கிராட் சிறை வரிசைகளில் 17 மாதங்கள் நின்றதை அக்மதோவா அதில் சொல்கிறார். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, இதை உங்களால் எழுத முடியுமா என்று காதோரம் கேட்க, முடியும் என்று பதில் சொல்கிறார். வேலூர் தொரப்பாடி மத்தியச் சிறைக்கு ‘மனு’ பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வரும் குடும்பங்கள் கையில் பையோடு காத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். ஆனால் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். இங்கே வருபவர்களுக்குத் தங்கள் ஆள் உள்ளே இருப்பது தெரியும், முகம் பார்த்துப் பேசவும் முடியும். அங்கே சிறைச் சாளரத்தில் நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டால் ஆள் இன்னும் அங்கே இருக்கிறார் என்றும், மறுத்தால் வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள் அல்லது அதைவிடக் கொடியது நடந்துவிட்டது என்றும் பெண்கள் தாங்களாகவே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி மனப்பாடம். வீட்டுச் சுவர்களுக்கும் காது உண்டு என்று அஞ்சிய அக்மதோவா, தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால் தேநீரைப் பற்றியோ பருவநிலையைப் பற்றியோ உரக்கப் பேசிக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் புதிய வரிகளை எழுதி நீட்டுவார். தோழி ஓசையின்றிப் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு திருப்பித் தந்ததும், அந்தத் தாளை அக்மதோவா சாம்பல் கிண்ணத்தின் மேல் பிடித்து எரித்துவிடுவார். உங்கள் கூட்டத்திலும் உறுப்பினர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். எண்ணிட்ட பத்துப் பகுதிகளில் ஒன்றை ஒருவர் எழுதிக் கொடுக்க, மற்றவர் பேசாமல் படித்துத் தாளைத் திருப்பித் தரட்டும். எட்டே வரிகள் கொண்ட இரண்டாம் பகுதி தொடங்குவதற்கு ஏற்றது. நூலகத்தில் நெருப்பு வேண்டாம், கிழித்தால் போதும். அரை மணி நேரம் வேறு பேச்சில் கழிந்த பிறகு, படித்தவர் பாராமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினால் அதைச் சரிபார்க்கத் தாள் இல்லை என்ற பதற்றத்தை ஒவ்வொருவரும் அப்போது நேரில் உணர்வார்கள்.

இயன்றால் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரை அழையுங்கள். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தின் பாட்டுகளை மனத்தில் வைத்திருப்பவர் சொல்லும் யோசனை எந்தக் கட்டுரையையும்விடப் பயன்படும். ஆனால் கவிதையை ஒப்பாரி போல் இழுத்துப் படிக்க விடாதீர்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் குரல் அதில் பல இடங்களில் உண்டு.

கடைசியாக, சங்கடமான செய்தியை மறைக்காதீர்கள். 1946இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தீர்மானம் அக்மதோவாவைக் கண்டித்தது. எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் நீக்கப்பட்டார். 1949இல் மகன் மறுபடி கைதானபோது, அவரைக் காப்பாற்றுவதற்காக ஸ்டாலினைப் புகழும் கவிதைகளை எழுதி 1950இல் வெளியிட்டார். அப்போதும் மகன் விடுதலையாகவில்லை; 1956இல்தான் வெளியே வந்தார். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், அவர் பேசி முடிக்கட்டும். பிறகு, பிள்ளை உள்ளே இருக்கும்போது நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேளுங்கள். வாதத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெளியூர் நண்பர்களின் கடைசிப் பேருந்தை மனத்தில் வைத்து, மாலை நான்கு மணிக்கே கூட்டத்தைத் தொடங்கிவிடுங்கள்.