இரண்டே எண்களில் சிக்கிய பைனரி சர்ச்

நேர்காணலுக்குத் தயாரானபோது பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய எண்களில் நடுவைப் பார்த்து, பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) என்னைப் பலமுறை கவிழ்த்தது. சில நேரம் விடை வரும், சில நேரம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, முடியவே முடியாது. திரையை முறைத்துப் பார்த்து அலுத்துப்போய்க் காகிதத்தை எடுத்தேன். 3, 5 என்று இரண்டே எண்கள், தேடுவது 5. இடங்களை 0-இலிருந்து எண்ணினால், தேடும் பகுதியின் தொடக்கமான லோ 0, முடிவான ஹை 1, நடுவான மிட் 0 (பாதி வந்தால் கீழே இறக்கிவிடும்). அங்கே இருப்பது 3, சிறியது. சரி, லோவை மிட்டுக்கு நகர்த்து... மறுபடியும் 0! இருந்த இடத்திலேயே நிற்கிறது. ‘லோ = மிட் + 1’ என்று மாற்றியதும் ஓடிவிட்டது.

அதே கையோடு மிட்டையும் ‘லோ + (ஹை - லோ) / 2’ என்று எழுதினேன். லோவையும் ஹையையும் நேரடியாகக் கூட்டி 2147483647-ஐத் தாண்டினால், ஜாவா மொழியின் முழு எண் வகையான இன்ட் அதைக் கொள்ளாமல் மைனஸுக்குப் போய்விடும். (நேர்காணலில் இதைக் கேட்கவும் கேட்டார்கள்.)

இப்போதெல்லாம் முதலில் சோதிப்பது காலி வரிசை, ஓர் எண், இரண்டு எண்கள். அப்புறம்தான் பெரியது.