கேட்டில் பாயும் நாயை மாற்றுவது எப்படி

கே.கே.நகர், திருநகர், விளாங்குடி என்று மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு கேட் நாய் இருக்கிறது. பால்காரர், பேப்பர் போடும் பையன், பூக்கார அம்மா, சிலிண்டர் வண்டி என யார் வந்தாலும் கம்பியில் மோதி மோதிக் குரைக்கும். நல்ல காவல் என்று வீட்டுக்காரருக்கு உள்ளூரப் பெருமை.

நாயின் கணக்கு வேறு. ஆள் வந்தான், குரைத்தேன், ஓடிவிட்டான். பால்காரர் அடுத்த வீட்டு அவசரத்தில் போனார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து போனால் அதற்குப் பத்து வெற்றி, மாதத்துக்கு முந்நூறு. இந்தக் கணக்கிலேயே ஒரு வருடம் வளர்ந்த நாய், கேட் திறந்து கிடக்கும் ஒரு நாளில், குரைத்தும் போகாமல் நிற்கும் ஆளைப் பார்த்தால் அடுத்து என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழி குரைத்துக்கொண்டிருக்கும் அந்த நொடிக்கு மட்டும்தான் செல்லும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், குறிப்பாக இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கியிருந்தால். காதுக்குள் சீழ், சொத்தைப் பல், இடுப்பு வலி, விரலிடுக்கில் அப்பிய உண்ணி, இதில் எது இருந்தாலும் நாய் கிட்ட வருபவரைக் கடிக்கப் பார்க்கும். வெள்ளை ராஜபாளையம் என்றால் கூடுதலாக ஒன்று: அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்பக்கமாக நின்று, தரை அதிராமல், ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காது கூட அசையவில்லையா? அப்படியானால் அது கோபக்கார நாய் இல்லை, திடுக்கிடும் நாய். முகம் தெரியும்படி முன்னால் வந்து, கையசைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அடுத்த வேலை பயிற்சி என்று நினைக்காதீர்கள். பழகியதைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும் நாய் புதிதாக எதையும் கற்காது. எனவே முந்நூறு வெற்றிகளை முதலில் நிறுத்த வேண்டும்.

கேட்டின் கீழ்ப்பாதியை நான்கடி உயரத்துக்குத் தகரமோ பிளாஸ்டிக் ஷீட்டோ வைத்து மறையுங்கள். கண்ணில் படாத ஆளை நாய் பாதிதான் குரைக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு நான்கடி காம்பவுண்ட் ஒரு தடையே இல்லை, தாவிவிடும். அவற்றுக்கு ஆறடிக்குக் குறையாத சுவர் வேண்டும், அல்லது ஆள் இல்லாமல் முற்றத்தில் விடக் கூடாது. பால் வரும் நேரம், பேப்பர் வரும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த நேரங்களில் நாய் பின்கட்டிலோ உள்ளறையிலோ இருக்கட்டும். பால் பையைக் கேட்டுக்கு வெளியே மாட்டிவிட்டால் ஒரு சண்டை குறைந்தது.

சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. மிச்சம் இருப்பது பாய்வது ஒன்றுதான். தெருவைப் பார்த்த இடத்தில் கட்டினால் இன்னும் மோசம். ஒவ்வொரு பாய்ச்சலிலும் கழுத்து இறுகுகிறது. தெருவில் போகிற ஆளால்தான் அந்த வலி என்று நாய் முடிவு கட்டிவிடுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டிக்கிடக்கும் நாயை நடத்திச் செல்லாமல் விடுவதும் குற்றம். இரவுக் காவலுக்கு என்று பகல் முழுக்க இருட்டறையில் பூட்டி வைக்கும் வழக்கமும் இதே ரகம்.

இப்போது பயிற்சி. தோல் நீக்கி உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறி 50 கிராம், கொண்டைக்கடலையில் பாதி அளவுத் துண்டுகளாக. அன்றைக்கு வைக்கும் சோற்றில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் கறி ஆகாது என்றால் பனீர் போதும். ஆறடிக் கயிறு, மார்பைச் சுற்றிப் போடும் பெல்ட். உறவினர் அல்லது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவர் துணைக்கு வேண்டும்.

நாய் ஆளைப் பார்க்கிறது, ஆனால் இன்னும் குரைக்கவில்லை என்கிற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். சில நாய்க்கு முப்பதடி, சில நாய்க்குத் தெருக்கோடி. அந்தத் தூரத்தில் பையன் தலையைக் காட்டுகிறான், நாய் பார்க்கிறது, நீங்கள் உடனே துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறீர்கள். பையன் மறைந்ததும் கறியும் நின்றுவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது: ஆள் முதலில், கறி பிறகு. முதலில் கறியை நீட்டி, அப்புறம் ஆள் வந்தால், கறியைக் கண்டதுமே ‘எவனோ வரப்போகிறான்’ என்று நாய் உஷாராகிவிடும். பெரும்பாலான வீடுகளில் பயிற்சி கெடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. ஆள் வந்ததும் நாய் திரும்பி உங்கள் கையைப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது; இரண்டடி கிட்டே வரலாம். குரைத்துவிட்டால் அதட்டாதீர்கள். தூரத்தைத் தவறாகக் கணித்தது நீங்கள். பின்னால் கூட்டிப்போய், அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் பத்தடி தள்ளி ஆரம்பியுங்கள். பாதி வழியில் ஒரு வாரம் எந்த முன்னேற்றமும் தெரியாது, அது வழக்கம்தான். ஆறு முதல் எட்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் பழகிய நாய்க்கு இன்னும் கூடும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘உக்காரு’, மகள் ‘சிட்’, ஆச்சி ‘ஏய், சும்மா கெட’ என்றால் நாய்க்கு மூன்றுமே வெறும் சத்தம்.

உறுமலுக்கு மட்டும் அடிக்கவே கூடாது. நாய் படிப்படியாகத்தான் எச்சரிக்கும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு கல்லாக விறைக்கும், பிறகு உறுமும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. ‘ஒன்றுமே செய்யாமல் திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் நாய்களில் பலவும் இப்படி வாயடைக்கப்பட்டவை. வால் ஆடினால் நட்பு என்றும் நம்பிவிடாதீர்கள். உயர்த்தி, விறைப்பாக, வேகமாகத் துடிக்கும் வால் சண்டைக்கான வால்.

ஏற்கெனவே கடித்த நாய் வெளியே வரும்போது வாய்க்கூடை போட்டே ஆக வேண்டும். களத்தில் நெல் போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவது மாதிரி இடைவெளி உள்ள கூடை வகைதான் சரி. வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். துணிப் பட்டையால் வாயை இறுக்கும் வகை நம் ஊர் வெயிலில் ஆபத்து, ஏனென்றால் நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான். முதல் நாளே பக்கிளை மாட்டாதீர்கள். கூடைக்குள் கறியைப் போட்டு மூக்கைத் தானாக நுழைக்க விடுங்கள்; ஒரு வாரம் கழித்து ஐந்து நொடி பூட்டுங்கள், பிறகு ஒரு நிமிடம், பிறகு தெருக்கோடி வரை.

நடைக்கு வெயில்தான் பெரிய தடை. சித்திரை, வைகாசியில் காலை ஏழுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் மட்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துவிடும். நாய் கழித்ததை அள்ளக் கையில் இரண்டு பழைய பேப்பர், ஒரு பை. அடுத்த வீட்டு வாசலில், கோலம் போட்ட இடத்தில் உட்காரவைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதால் வரும் பகை, குரைப்பதால் வரும் பகையைவிட நீளமானது.

பக்கத்து வீட்டு நாய் தொல்லை என்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். “அண்ணே, நாலு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுக் குரைக்குது. பின்னாடி கட்டிப் பாருங்களேன்” என்றால் பேச்சு நடக்கும். “உங்க நாயால ஊரே தூங்கல” என்றால் அன்றோடு முடிந்தது. நாய்க்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில், தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தெரு நாய் விஷயம் வேறு. 2023-இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகள்படி, பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, அதே பகுதியில் விட வேண்டும். காதில் வெட்டு அடையாளம் இருந்தால் அறுவை முடிந்த நாய். அடையாளம் இல்லாதவற்றை எண்ணி, இடத்தோடு எழுதி மாநகராட்சியிடம் கொடுங்கள். வெறுமனே ‘நாய்த் தொல்லை’ என்று கொடுக்கும் மனுவைவிட அது வேலை செய்யும். நாய்களைத் துரத்திவிட்டும், கறிக்கடைக் கழிவும் ராத்திரிப் பரோட்டாக் கடை எச்சிலும் அங்கேயே கிடந்தால், பக்கத்துத் தெருக் கூட்டம் வந்து நிரப்பும். சோறு வைப்பவர்கள் வாசல், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் தவிர்த்து, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். பைக்கைத் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல் குறையுங்கள், காலை உதறாதீர்கள். வண்டி நின்றுவிட்டால் துரத்த அங்கே எதுவும் இல்லை.

கடித்துவிட்டால், அது ஊசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். கையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி அன்றைக்கே, பிறகு அந்த நாளிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று மொத்தம் நான்கு முறை ஊசி. ரத்தம் வந்த காயத்துக்கு, தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து தனியாக உண்டு, அதை நீங்களே கேட்டுவிடுங்கள். நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி மருத்துவர் சொல்வார்.

நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கும். பூஸ்டர் நாளைக் கால்நடை மருத்துவர் அட்டையில் எழுதித் தருவார், அதன் பிறகு ஆண்டுதோறும். அந்த அட்டையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்த அன்று கேட் முன்னால் கூடும் கூட்டம் முதலில் கேட்பது அதைத்தான்.