ஏரியில மிதக்குறது எந்த வாத்து? புதுசா பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

மழை முடிஞ்சு ஏரி, கண்மாய், குளம் எல்லாம் நெறஞ்சு கெடக்குற டிசம்பர், ஜனவரி மாசத்துல கரையில நின்னு பாத்தீங்கன்னா நடுத்தண்ணியில கூட்டம் கூட்டமா வாத்து மிதக்கும், எல்லாமே ஒரே மண்ணு கலர்ல தெரியும். நெறைய பேர் இந்த எடத்துலயே "சரி ஏதோ வாத்து"ன்னு விட்டுட்டு பூநாரை, கூழைக்கடா பக்கம் திரும்பிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஏன்னா பொட்டை வாத்தைப் பாக்கக் கத்துக்கிட்டா போதும், மொத்த ஏரியும் பிடிபட்டுரும்.

மொதல்ல வாத்து இல்லாததை எல்லாம் கழிச்சிருங்க. உடம்பு கருப்பா நெத்தியும் மூக்கும் வெள்ளையா இருந்தா அது நாமக்கோழி. சின்னதா உருண்டையா இருந்து பொசுக்குனு முங்கி வேற எடத்துல எந்திரிச்சா முக்குளிப்பான். உடம்பு முக்கால்வாசி தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்தா நீர்க்காகம். அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆள் ஓட்டிட்டு வர்ற பெரிய கூட்டம் வளர்ப்பு வாத்து, அதையும் கணக்குல சேக்காதீங்க.

நிக்கிற எடம் முக்கியம். நம்ம ஊர்ல நிலம் பெரும்பாலும் கிழக்குப் பாத்து சரியுறதால நெறைய ஏரிகளுக்கு கரை கிழக்குப் பக்கம் தான் இருக்கும், அதனால காலையில கரை மேல நின்னா வெயில் உங்க முதுகுல விழும், பறவையோட கலர் அப்படியே தெரியும். அதே எடத்துல சாயங்காலம் போய் நின்னா எல்லாம் கருப்பு நிழலாத்தான் தெரியும். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது, முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும், பத்து மடங்கு காட்டுற 10x தூக்குனா கை நடுக்கம் அதிகமா தெரியும்.

ஆரம்பிக்க வேண்டியது புள்ளிமூக்கு வாத்துல இருந்து. இது எங்கயும் வலசை போகாம இங்கயே வருஷம் பூரா இருக்குற பறவை, கருப்பு மூக்கு, நுனி மட்டும் நல்ல மஞ்சள், மூக்கு நெத்தியில சேர்ற எடத்துல ரெண்டு செவப்புப் புள்ளி. ஆணும் பொட்டையும் கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான் இருக்கும். நீளம் சுமார் 60 செ.மீ. இதை நல்லா மனசுல பதிய வெச்சுக்கங்க, பக்கத்துல மிதக்குற மத்ததை எல்லாம் இதோட ஒப்பிட்டு பெருசா சிறுசான்னு பாக்கணும்.

அடுத்து சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் இருந்து வர்ற வலசை வாத்துங்க. புத்தகத்துல ஆண் வாத்து படம் அவ்வளவு அழகா போட்டிருப்பாங்க, ஆனா அக்டோபர், நவம்பர்ல வந்து எறங்கும்போது ஆணும் பொட்டை மாதிரியே மங்கலா தான் இருக்கும், பளபள எறகு அப்புறம் தான் மொளைக்கும், நீலச்சிறகி ஆணுக்கு அந்த வெள்ளைப் புருவம் முழுசா வர பிப்ரவரி கூட ஆயிடும். அதனால கலரை நம்பாதீங்க, மூக்கு, முகம், கழுத்து, வால், இதை வரிசையா பாருங்க. தலையை விட மூக்கு நீளமா, முன்னாடி கரண்டி மாதிரி அகலமா இருந்து, தண்ணியில மூக்கை வெச்சு அரிச்சுக்கிட்டே நீந்துனா தட்டைவாயன், சந்தேகமே வேண்டாம். கழுத்து ஒல்லியா நீளமா, மூக்கு சாம்பல் கலர்ல, முகத்துல எந்தக் கோடும் இல்லாம, வால் கூரா இருந்தா ஊசிவால் வாத்து, இது தலைகீழா கவுந்து மேயும்போது அந்தக் கூர்வால் வானத்தைப் பாத்து நிக்கும். 40 செ.மீ. அளவுல சின்ன வாத்து ரெண்டு இருக்கு, இங்க தான் எல்லாரும் கொழம்புவாங்க: கண்ணு மேல வெளிறுன கோடு, கண்ணு வழியா ஒரு கருங்கோடு, கன்னத்துல இன்னொரு கருங்கோடு, மூக்கடியில வெளிறுன பொட்டுன்னு முகமே கோடு கோடா இருந்தா நீலச்சிறகி. முகம் வெறுமையா இருந்து வாலடி ஓரத்துல வெளிறுன கீத்து தெரிஞ்சா கிளுவை. தமிழ்நாட்டுல நீலச்சிறகி தான் அதிகம் வரும், அதனால கிளுவைன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை முகத்தைப் பாருங்க.

மரத்தையும் பாக்க மறந்துடாதீங்க. சீழ்க்கைச்சிறகி பகல்ல கரையோரம் கூட்டமா ஓய்வெடுத்துட்டு ராத்திரி தான் வயலுக்கு மேயப் போகும், மரத்து மேலயும் உக்காரும், பறக்கும்போது விசில் அடிச்சுக்கிட்டே போறதால கண்ணுக்கு முன்னாடி காது கண்டுபிடிச்சுரும். தாமரை, அல்லி படர்ந்த எடத்துல குட்டியா, முகம் வெள்ளையா ஒண்ணு இருந்தா குள்ளத்தாரா, மரப்பொந்துல கூடு வெக்கிற பறவை, நம்ம வாத்துகள்லயே சின்னது.

அன்னம் நம்ம ஏரிக்கு வர்றதில்ல. பெருவாத்து (இங்கிலீஷ்ல goose) பாக்கணும்னா திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் போங்க, அங்க குளிர்காலத்துல வரித்தலை வாத்து வரும், வெள்ளைத் தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புப் பட்டை, வேற எதோடயும் கொழம்பாது. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டை வெச்சு குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையைத் தாண்டி வருது, 7,000 மீட்டருக்கு மேல பறந்ததை டிரான்ஸ்மிட்டர் கட்டி பதிவு பண்ணியிருக்காங்க. தண்ணியில மட்டும் தேடாம பக்கத்து வயல், புல் தரையிலயும் தேடுங்க, அது புல் மேயுற பறவை.

போட்டோவுக்காக கிட்டப் போகாதீங்க, ப்ளீஸ். மேயுறதை நிறுத்திட்டு கழுத்தை நிமித்தி எல்லாம் ஒரே பக்கம் நகர ஆரம்பிச்சா நீங்க ஏற்கனவே நெருங்கிட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே பின்னாடி வந்துருங்க. அத்தனை தூரம் பறந்து வந்த பறவை கொழுப்பு சேத்து மார்ச், ஏப்ரல்ல திரும்பப் போகணும், ஒவ்வொரு தடவை கெளப்பி விடும்போதும் அந்தச் சத்தைத் தான் நாம செலவழிக்க வெக்கிறோம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். புள்ளிமூக்கு வாத்து குஞ்சுகளோட நீந்துறதைப் பாத்தா இன்னும் தள்ளி நில்லுங்க. வலை, கண்ணி எதையாவது பாத்தா நீங்களா போய் சண்டை போடாம வனத்துறைக்குச் சொல்லுங்க, காட்டு வாத்தைப் பிடிக்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாத்ததை இ-பேர்ட் (eBird)னு பறவைப் பட்டியல் பதிவு பண்ற ஆப்ல போடுங்க, பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, அதுல உங்க ஊர் ஏரி இருக்கான்னு பாத்து இல்லன்னா நீங்க சேருங்க. எந்த இனம்னு உறுதியா தெரியாததை யூகத்துல எழுதாதீங்க, வெறும் வாத்துன்னு போடவும் அந்த ஆப்ல வழி இருக்கு.