ஹானா சாலை: விடிவதற்குள் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்ப

ஹவாயின் மவுயித் தீவில், கஹுலுயியிலிருந்து ஹானா 52 மைல். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டரை மணி நேரம் ஆகும். காரணம், சுமார் 620 வளைவுகளும் 59 பாலங்களும். அவற்றில் 46 பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். கண்ணில் படும் அருவிக்கெல்லாம் நின்றால் ஹானா போய்ச் சேரவே மதியம் தாண்டிவிடும். நாலே நாலு இடம் என்று முதல் நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கருமணல் கடற்கரை இருக்கும் வையானாபனாபா பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தே ஆகவேண்டும். 30 நாள் முன்பே திறந்துவிடும். வாசலில் டிக்கெட் கிடையாது. காலை 10 முதல் 12.30 வரையான நேரத்தை எடுங்கள். அதற்கு முந்தைய நேரத்தை எடுத்தால் வழியில் எதையும் பார்க்காமல் பறக்க வேண்டியிருக்கும்.

காலை 6 மணிக்குப் பாயியா ஊரில் இருங்கள். ஹானாவுக்கு முன் கடைசிப் பெட்ரோல் பங்க் அங்கேதான், டேங்கை நிரப்பிவிடுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதி வழியில் சிக்னல் போய்விடும். ஜீப் எல்லாம் வேண்டாம், சின்ன கார் போதும். வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வைத்து, மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. சைவச் சாப்பாடு வழியில் கிடைக்குமா என்று தேடி அலையாமல் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

மைல்கல் விஷயத்தில் பலரும் ஏமாறுவார்கள். 36ஆம் எண் சாலை 16 மைல் ஓடி 360 ஆக மாறும் இடத்தில் எண்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 'இரண்டாவது மைலில் அருவி' என்று யாராவது சொன்னால், அது இந்த இரண்டாவது கணக்கு.

ஒற்றைப் பாலத்தில் எதிரே வண்டி ஏறிவிட்டால் வெள்ளைக் கோட்டுக்கு முன்பே நின்றுவிடுங்கள். எதிர்த்திசையில் வரிசையாக ஐந்தாறு வண்டி வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் நகரவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரராக இருப்பார். ஓரம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். பாலத்தின் மேல் நிறுத்திப் படம் எடுப்பதைப் போல எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை. 'நிறுத்தாதீர்' பலகை இருக்கும் இடத்தில் நிறுத்தினால் அபராதமும் பெரிசு.

முதல் நிறுத்தம், இந்த இரண்டாவது கணக்கில் 16ஆம் மைலைத் தாண்டி இடப்பக்கம் கடலை நோக்கி இறங்கும் கேயானாயே. நம்மூர்ச் சேம்பு மாதிரியே இலை விரித்து நிற்கும் டாரோ வயல்கள், அவை முடியும் இடத்தில் கறுத்த எரிமலைப் பாறை. அலை அதில் மோதி ஆளுயரத்துக்கு மேல் வெள்ளையாக எழும். பாறை ஈரமாக இருக்கும் எல்லைக்கு இப்பாலேயே நில்லுங்கள். அலை அதுவரை வரும் என்பதற்கு ஈரமே சாட்சி. இங்கே சுடச்சுட விற்கும் வாழைப்பழ ரொட்டியை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வையானாபனாபாவில் ஒரு மணி நேரம். கடல் இழுப்பு பலமானது, கால் நனைப்பதோடு சரி.

ஹானாவைத் தாண்டினால் மைல் எண்கள் வேறு கணக்கு, அதுவும் இறங்குமுகம். 45இல் வைலுவா அருவி சாலையோரமாகவே விழும். 42க்குப் பக்கத்தில் ஹாலேயாகாலா தேசியப் பூங்காவின் கிபாஹுலு பகுதி. ஒரு காருக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும், அட்டையில்தான் கட்டவேண்டும். மூங்கில் காட்டுக்குள் போகும் பிபிவாய் நடைபாதை போக வர 4 மைல், மூன்று மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு மணிக்குள் ஏறமுடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓடைகளில் இறங்கும் முன் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக வரும். தண்ணீர் பழுப்பாகி, இலைதழை மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். காலில் காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், இந்த ஓடைகளில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு.

கிபாஹுலுவுக்கு அப்பால் மலையைச் சுற்றிப் போகும் பின்வழியைப் பல வாடகைக் கார் ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. அங்கே வண்டி நின்றால் இழுத்து வரும் செலவு உங்கள் தலையில் விழலாம். வந்த வழியே மூன்று மணிக்குள் திரும்புங்கள். டிசம்பரில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், அந்த வளைவுகளில் தெருவிளக்கு கிடையாது. வெளிச்சம் மிச்சமிருந்தால் பாயியாவுக்குச் சற்று முன்னால் ஹோகிப்பா கடற்கரையில் நிறுத்துங்கள். மாலையில் பச்சை ஆமைகள் கரையேறி மணலில் படுத்திருக்கும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.