இந்தியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தி என்று பேச்செடுத்தாலே தமிழில் விவாதம் சூடாகிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் வந்து விழும் தகவல்களில் பாதி சரியாக இருப்பதில்லை. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே தப்பான தகவலை வைத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுக்குப் போவதையும் பார்க்கிறோம். இந்தித் திணிப்பை எதிர்க்கும் ஒருவனாக இது எனக்கு உறுத்துகிறது. நம் பக்கத்து நியாயம் வலுவானது. அதைச் சொல்லப் பிழையான தகவல் எதற்கு?

முதலில், எல்லோரும் அறிந்ததாக நினைக்கும் 'தேசிய மொழி' விஷயம். இந்தியா ஒரு தேசிய மொழியை வைத்திருப்பதாக அரசியலமைப்பில் எங்கும் இல்லை. 343ஆம் பிரிவு சொல்வது, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்பதுதான். கடைப் பொருட்களின் உறைகளில் விவரங்களை இந்தியில் அச்சிட வேண்டும் என்று ஒருவர் தொடர்ந்த வழக்கை 2010இல் குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியைத் தேசிய மொழியாக அறிவித்த ஆணை எதுவும் பதிவில் இல்லை என்று அப்போது அது குறிப்பிட்டது.

சரி, இதற்குப் பதிலாக நம் ஆட்கள் சொல்வதிலும் ஒரு பிழை உண்டு. 'அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளும் தேசிய மொழிகள், இந்தியும் அதில் ஒன்று, அவ்வளவுதான்' என்பார்கள். அந்த அட்டவணை எந்த மொழியையும் தேசிய மொழி என்று அழைக்கவில்லை. இந்தி அந்த 22இல் வெறும் ஒன்று மட்டும் அல்ல. 343ஆம் பிரிவு அதற்குத் தனி இடம் கொடுக்கிறது. இந்தியைப் பரப்புவது ஒன்றிய அரசின் கடமை என்று 351ஆம் பிரிவு சொல்கிறது. தமிழுக்கோ வங்காளிக்கோ அப்படியொரு பிரிவு கிடையாது. உண்மையான சிக்கலே இந்த ஏற்றத்தாழ்வுதான். 'எல்லாம் சமம்தான், தேசிய மொழி என்று யாரோ புரளி கிளப்புகிறார்கள்' என்று பேசினால் அது கண்ணில் படாமல் போய்விடும். 1965 ஜனவரி 26க்குப் பிறகு இந்தி மட்டுமே அலுவல் மொழி என்ற நிலை வராமல் இருந்தது, ஆங்கிலம் தொடர வழிசெய்த 1963ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டத்தாலும், மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து 1967இல் அதில் செய்த திருத்தத்தாலும்தான். 1976ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகளைப் புரட்டினால் முதல் விதியிலேயே, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் இவை பொருந்தும் என்று இருக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. இதில்தான் பெரிய குழப்பம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தி பேசுவோர் 52.83 கோடி, அதாவது 43.63 சதவீதம். செய்திகளில் வருவது இந்த எண்தான். கணக்கெடுப்பில் 'இந்தி' என்பது ஒரு தலைப்பு. அதன் கீழே 50க்கும் மேற்பட்ட தாய்மொழிகளைச் சேர்த்திருக்கிறார்கள். போஜ்புரி 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி 2.5 கோடிக்கு மேல், சத்தீஸ்கரி 1.6 கோடி, மகஹி 1.27 கோடி, அப்புறம் ஹரியாண்வி, புந்தேலி, மார்வாரி, கட்வாலி, குமாவுனி என்று பட்டியல் நீள்கிறது. 'என் தாய்மொழி இந்தி' என்று தாமே சொன்னவர்கள் 32.22 கோடி. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 27 சதவீதம். மீதி 20 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேறு பெயரைச் சொன்னவர்கள். சொன்னது ஒன்று, கூட்டலில் சேர்ந்தது வேறொன்று.

அந்த 32 கோடியிலும் எத்தனை பேர் வீட்டில் பேசுவதைச் சொன்னார்கள் என்பது தனிக் கேள்வி. லக்னோ, அயோத்தி, சுல்தான்பூர், ராய்பரேலி என்று பரந்து கிடக்கும் பகுதியின் மொழி அவதி. அதைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 38 லட்சம் பேர்தான். பள்ளியில், அலுவலகத்தில், செய்தித்தாளில் எல்லாம் இந்தி என்றே இருக்கும்போது, கதவைத் தட்டிக் கேட்கும் ஊழியரிடமும் இந்தி என்று சொல்லிவிடுவது இயல்பு.

'அதெல்லாம் இந்தியின் வட்டார வழக்குதானே, மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரி' என்று கேட்கலாம். அப்படி இல்லை. போஜ்புரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பது இந்தியில் 'மேம் ஜா ரஹா ஹூம்'. போஜ்புரியில் 'ஹம் ஜாத் பானி'. 'போவேன்' என்பது இந்தியில் 'ஜாவூங்கா', போஜ்புரியில் 'ஜாயிப்'. எதிர்காலத்துக்கு வரும் அந்தப் பகர ஒலி வங்காளியின் 'ஜாபோ'விலும் உண்டு. இந்தியில் இறந்தகாலத்தில் 'நே' என்றொரு உருபு வந்து, வினைச்சொல் எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு இணங்கும். 'மேம்னே ரோட்டி காயி' என்று ஓர் ஆண் சொன்னாலும் வினை பெண்பால்தான், காரணம் ரொட்டி பெண்பால். இந்தி கற்கும் தமிழர்களைத் திணறடிக்கும் இந்த 'நே' போஜ்புரியில் கிடையாது. ஆகவேதான் ஜார்ஜ் கிரியர்சன் நூறாண்டுக்கு முன்பு நடத்திய இந்திய மொழியாய்வில் போஜ்புரி, மகஹி, மைதிலி மூன்றையும் 'பிகாரி' என்று தனியாகப் பிரித்து, வங்காளி, ஒடியா, அசாமி இருக்கும் கிழக்குக் குழுவில் வைத்தார்.

இதே தவறின் இன்னொரு முகத்தைத் திருப்பூரிலும் சென்னையிலும் தினமும் பார்க்கலாம். வேலைக்கு வந்த தொழிலாளி யாராக இருந்தாலும் 'இந்திக்காரர்'. அவர் ஒடிசாவிலிருந்து வந்த ஒடியாக்காரராக இருக்கலாம், ஜார்கண்டிலிருந்து வந்த சந்தாலியாக இருக்கலாம், வங்காளியாகவோ அசாமியாகவோ இருக்கலாம். மேஸ்திரியிடம் பேச அவருக்குக் கிடைத்த பொதுமொழி இந்தி. அவருக்கும் அது வேற்றுமொழிதான். அரசு செய்யும் திணிப்புக்கான கோபத்தை அவர்மேல் இறக்குவது தகவல் பிழையோடு நிற்பதில்லை, அநியாயமும் கூட.

மொழியின் வயதைப் பற்றி இரண்டு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. 'இந்தி சமஸ்கிருதத்தின் நேரடி மகள், ஆயிரமாண்டு இலக்கியம் கொண்டது' என்பது ஒரு பக்கம். 'ஆங்கிலேயன் கல்கத்தாவில் உட்கார்ந்து செய்த மொழி' என்பது மறுபக்கம்.

இன்றைய தர இந்திக்கு அடித்தளம் கடீ போலி. டெல்லி, மீரட், சகாரன்பூர் சுற்றுவட்டாரப் பேச்சு அது. அதன் சொற்கள் சமஸ்கிருதத்திலிருந்து நேராகக் குதிக்கவில்லை, பிராகிருதம், அபபிரம்சம் என்ற இடைக்கால மொழிகள் வழியாகத் தேய்ந்து வந்தவை. 'ஹஸ்த' (கை) 'ஹத்த' ஆகி 'ஹாத்' ஆனது. 'துக்த' (பால்) 'துத்த' ஆகி 'தூத்' ஆனது. இன்று அரசு இந்தியில் காணும் கனமான சமஸ்கிருதச் சொற்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் இறக்கிச் சேர்த்தவை. புதிய சொற்களுக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாடச் சொல்வதும் அந்த 351ஆம் பிரிவுதான்.

துளசிதாசரின் ராமசரிதமானசும் ஜாயசியின் பத்மாவத்தும் அவதியில் எழுதியவை. சூர்தாசர் பாடியது மதுரா வட்டார மொழியான பிரஜில். வித்யாபதி மைதிலிக் கவி. இவர்களையெல்லாம் இந்தி இலக்கிய வரலாறு தன் கணக்கில் எழுதிக்கொண்டது. ஆனால் காசியில் வாழ்ந்த பாரதேந்து ஹரிசந்திரர், நவீன இந்தியின் தந்தை என்று போற்றப்படுபவர், உரைநடையைக் கடீ போலியில் எழுதிவிட்டுக் கவிதைக்குப் பெரும்பாலும் பிரஜையே நாடினார். 1885இல் அவர் இறக்கும்போதும் நிலைமை அதுதான்.

அதற்காக அது கோட்டைக்குள் பிறந்த மொழி ஆகிவிடாது. 1800இல் கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரி பாடநூல்கள் எழுதுவித்து உரைநடைக்கு ஓர் உருவம் கொடுத்தது, உண்மை. ஆனால் அதே பேச்சு அதற்கு முன்பே படைகளோடும் சூஃபிகளோடும் தெற்கே வந்து, கோல்கொண்டா, பிஜாப்பூர் அரசவைகளில் தக்கனி என்ற பெயரில் கவிதையாகிவிட்டிருந்தது. அந்தத் தக்கனியின் தொடர்ச்சியை ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இன்றும் கேட்கலாம்.

தக்கனியைச் சொன்னதும் உருது வந்துவிடும். 'இந்தி இந்துக்களின் மொழி, உருது முஸ்லிம்களின் மொழி' என்று எழுதாதீர்கள். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்று, பேச்சில் பெரிய வேறுபாடும் இல்லை. பிரிவது எழுத்திலும் உயர்நடைச் சொற்களிலும். ரயில் நிலையத்தில் காத்திருப்போர் அறைக்கு மேல் 'பிரதீக்ஷாலய்' என்று சமஸ்கிருதச் சொல்லில் பலகை இருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் போனில் 'இந்தஜார்' (காத்திருத்தல்) செய்துகொண்டிருப்பதாகச் சொல்வார். அது அரபியிலிருந்து பாரசீகம் வழியே வந்த சொல். எழுத்தாளர் பிரேம்சந்த் உருதில் எழுதத் தொடங்கி இந்திக்கு வந்தவர். பிளவு முற்றியதில் அரசாணைகளுக்கும் பங்கு உண்டு: 1900இல் இன்றைய உத்தரப் பிரதேச நீதிமன்றங்களில் தேவநாகரி எழுத்துக்கும் அனுமதி கிடைத்தபோது, அது வேலைவாய்ப்புச் சண்டையாகவும் மதச் சண்டையாகவும் மாறியது.

'தமிழ்நாட்டில் இந்திக்குத் தடை' என்பது வடக்கில் அதிகம் கேட்கும் தவறு. 1968 முதல் அரசின் கொள்கை இருமொழிதான். ஆனால் 1918இல் காந்தியின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபை தியாகராய நகரில் இயங்குகிறது, விரும்புபவர்கள் அதன் தேர்வுகளை எழுதுகிறார்கள். எதிர்ப்பு கட்டாயத்துக்கு எதிராக, 1938இலும் சரி, 1965இலும் சரி.

கணக்கெடுப்பின் கூட்டலால் யாருக்கு நட்டம் என்று பலரும் கேட்பதில்லை. மைதிலி ஒரு காலத்தில் இந்தியின் கீழ்தான் இருந்தது. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்று இப்போது தனியாக எண்ணப்படுகிறது, 2011இல் 1.36 கோடி. மதுபனியைச் சேர்ந்த ஒரு மாணவி குடிமைப் பணித் தேர்வில் மைதிலி இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். 24,821 பேர் தாய்மொழியாகப் பதிந்த சமஸ்கிருதத்தையும் எடுக்கலாம். ஆரா, சப்ரா, பலியா பக்கத்து மாணவர், 5 கோடிப் பேர் பேசினாலும் அந்த அட்டவணையில் இல்லாத தன் போஜ்புரியை எடுக்க முடியாது.