பின்வளவில் காட்டுத் தாரா அடைகிடந்தால் என்ன செய்வது?

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் போன்ற நகரங்களிலும் ஏப்ரல் மாதம் மண் இளகத் தொடங்கியதும், செடி நடும் நினைப்போடு பின்வளவுக் கதவைத் திறப்பவர்களில் சிலருக்கு, டெக்கின் படியோரத்திலோ வேலிச் செடியின் அடியிலோ ஒரு பழுப்பு நிறப் பறவை அசையாமல் படுத்திருப்பது தென்படும். அது பெரும்பாலும் மலார்ட் என்னும் காட்டுத் தாரா. யாழ்ப்பாணத்தில் நாங்கள் தாரா என்றும் தமிழகத்தில் வாத்து என்றும் சொல்லும் வீட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை இந்த மலார்டின் வழிவந்தவைதான். ஆகவே முகம் புதிதல்ல. ஆனால் இது காட்டுப் பறவை என்பதையும், கனடாவின் சட்டம் இதன் கூட்டைக் காக்கிறது என்பதையும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டைக் கண்ட நாள் முதல் குஞ்சுகள் புறப்படும் நாள் வரை வீட்டுக்காரர் செய்ய வேண்டியவற்றை, இப்படி ஒன்றை இதுவரை கண்டிராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இடைப்பட்ட நாட்களில் உங்களுக்கு வேலை மிகக் குறைவு. கடைசி நாள் ஒன்றுக்குத்தான் ஆயத்தம் தேவை.

முதற்படி: கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிதல்

மலார்ட் சோடியில் ஆணுக்குப் பச்சைத் தலையும் கழுத்தில் வெள்ளை வளையமும் இருக்கும். பேடு உடல் முழுதும் பழுப்பு. சிறகை அசைக்கும்போது மட்டும் வெள்ளை ஓரமிட்ட நீலப் பட்டை பளிச்சென்று தெரியும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் இரண்டும் சேர்ந்து வளவைச் சுற்றிப் பார்த்தால் அவை இடம் தேடுகின்றன என்று பொருள். நாயோ பிள்ளைகளோ ஓடித் திரியும் வளவாக இருந்து, அங்கே கூடு வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், அதைத் தடுக்க இது ஒன்றே தருணம். அவை வரும்போதெல்லாம் வெளியே போய் நடமாடுங்கள்; வெறுமையாகக் கிடக்கும் பெரிய பூச்சாடிகளைப் பலகையால் மூடுங்கள். முதல் முட்டை விழுந்த பிறகு இவை எதையும் செய்யக் கூடாது.

பேடு நாளுக்கு ஒரு முட்டையாக, பெரும்பாலும் 8 முதல் 13 வரை இடும். முட்டையிட்டுவிட்டு அது போய்விடும். மீதி நேரமெல்லாம் கூட்டில் எவரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள். வெளிர்பச்சை கலந்த நிறத்தில் நாலைந்து முட்டைகள் சருகுக்கடியில் குளிர்ந்து கிடப்பதைக் கண்டு, தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டி அவற்றை எடுத்துவிடுகிறார்கள். அடைகிடக்கத் தொடங்கும் வரை முட்டைகள் குளிர்ந்திருப்பதுதான் முறை. முட்டை முழுவதையும் இட்டு முடித்த பிறகே பேடு அடைக்கு உட்காருவதால்தான், பத்து நாள் மூத்த முட்டையும் நேற்று இட்ட முட்டையும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கின்றன.

அடை தொடங்கியதை அறிவது எளிது. பேடு பகல் முழுதும் இருந்த இடத்திலேயே இருக்கும். தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிய சாம்பல் நிற மென்தூவியைக் கூட்டின் விளிம்பில் சுற்றிவரப் போட்டிருக்கும். காலையிலும் மாலையிலும் மேய்ச்சலுக்காகச் சிறிது நேரம் எழும்பிப் போகும்போது அந்தத் தூவியை அலகால் இழுத்து முட்டைகளின் மேல் போர்த்துவிட்டுப் போகும். சென்ற ஆண்டு எங்கள் குசினி யன்னலிலிருந்து இதைத் தினமும் பார்த்தேன். கழுத்தை நீட்டி ஒரு பக்கம் இழுக்கும், பிறகு மறுபக்கம் இழுக்கும், ஒரு முட்டையின் நுனி தெரிந்தால்கூடத் திரும்பி வந்து அதையும் மூடிவிட்டுத்தான் எழும்பும். போர்த்தியிருக்கும் கூட்டைக் கண்டால், தாய் திரும்பி வரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இரண்டாம் படி: நாட்காட்டியில் குறித்தல்

பேடு பகல் முழுதும் இருப்பதை நீங்கள் முதன்முதல் கவனித்த திகதியை எழுதி வையுங்கள். அடைக்காலம் ஏறக்குறைய 28 நாள். சில கூடுகளில் இரண்டு மூன்று நாள் முன்பின்னாகும். மே 2ஆம் திகதி தொடங்கியிருந்தால் மே 27க்கும் ஜூன் 2க்கும் இடையில் குஞ்சுகளை எதிர்பார்க்கலாம். தொடக்க நாள் தெரியாவிட்டால், கண்ட நாளிலிருந்து நான்கு கிழமை என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொண்டு, இரண்டாம் கிழமை முடிவதற்குள் ஆயத்தங்களை முடித்துவிடுங்கள். அடைக்காலத்தின் நடுவில் ஆண் பறவை காணாமல் போனால் கவலைப்பட வேண்டாம். குஞ்சு வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை.

மூன்றாம் படி: தள்ளி நிற்றல்

கூட்டை இடம் மாற்றாதீர்கள். இரண்டு அடி தள்ளி வைத்தாலே பேடு அதைத் தன் கூடாக ஏற்காமல் போய்விடக்கூடும். அத்துடன் அது சட்டத்துக்கும் மாறானது. 1916இல் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட வலசைப் பறவைகள் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி இப்பறவைகளின் கூட்டையோ முட்டையையோ எடுப்பதையும் குலைப்பதையும் தடைசெய்கிறது. எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினர்களுக்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

உணவு வைக்காதீர்கள். இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். எங்கள் வளவில் முதன்முறை கூடு கண்ட ஆண்டில், ஒரு தாய் பட்டினி கிடக்கிறதே என்று மனம் கேளாமல், கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோறும் பாணும் வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. கூட்டில் ஓடுகளும் சிந்திய மஞ்சட்கருவும் மட்டும் இருந்தன. சோற்றுக்கு வந்த ரக்கூன் முட்டைகளையும் கண்டுகொண்டது. அடைகிடக்கும் பேடு, முன்னரே உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டும் அந்தச் சிறு மேய்ச்சலைக் கொண்டும் இந்த நான்கு கிழமையைக் கடக்கும். வீட்டில் விருந்தாளியை வெறும் வயிற்றோடு இருக்க விடாத பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது கடினமாகவே இருக்கும், ஆனாலும் கை கட்டி நிற்பதுதான் அதற்கு உதவி.

பேட்டின் காவல் அதன் நிறமும் அசைவின்மையுமே. நீங்கள் நெருங்கும்போது அது பறந்து போகாமல் தரையோடு தரையாகத் தாழ்ந்து படுத்தால், அஞ்சவில்லை என்று எண்ண வேண்டாம், அது ஒளிந்துகொண்டிருக்கிறது. கூட்டைச் சுற்றி மூன்று மீற்றர் தூரத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள். அடிக்கடி நடந்து புல் மிதிபட்டால், காகத்துக்கும் ரக்கூனுக்கும் கூடு வெளிச்சமாகிவிடும். புல்வெட்ட ஆள் வருவதாயின் முன்கூட்டியே சொல்லி, தூரத்தில் ஒரு குச்சி நட்டு எல்லையைக் காட்டுங்கள். நாயைக் கயிற்றோடு முன்பக்கம் கொண்டுபோங்கள். பூனையை இந்த நான்கு கிழமையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பிள்ளைகளுக்கு யன்னலோரத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தால், நாட்களை எண்ணும் வேலையை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள்.

நான்காம் படி: புறப்படும் நாளுக்கு வழி திறத்தல்

பொரித்த குஞ்சுகள் கூட்டில் தங்கி வளர்வதில்லை. தூவி உலர்ந்ததும், பொரித்து ஒரு நாளுக்குள், பெரும்பாலும் காலையில், தாய் அவற்றை நடத்திக்கொண்டு நீர்நிலைக்குப் போகும். அந்த நடை சில வேளை ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக இருக்கும். தாய்க்குச் சிறகு உண்டு, குஞ்சுகளுக்கு இல்லை. அவை பறக்க இன்னும் 50 முதல் 60 நாட்கள் செல்லும். அடைத்த வேலி உள்ள வளவில் தாய் வெளியே நின்று அழைக்க, குஞ்சுகள் உள்ளே வேலியோரமாக மேலும் கீழும் ஓடிக் களைத்துப்போவதுதான் நான் அறிந்தவற்றுள் மிகுதியாக நேரும் இடர். எனவே நாட்காட்டியில் குறித்த முதல் நாளுக்கு முன்னரே பக்கக் கதவைத் திறந்து, காற்றில் மூடாதபடி ஒரு கல்லை வைத்துவிடுங்கள். கதவைத் திறந்து வைக்க இயலாதவர்கள் வேலியின் அடியில் கைச்சாண் அகலத்துக்கு ஓரிடத்தில் மண்ணைத் தோண்டி வழி செய்யலாம்.

நீச்சல் குளம் உள்ள வீட்டார் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் பலர் மே மாத விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் குளத்தைத் திறப்பார்கள்; குஞ்சு பொரிக்கும் நாளும் அதையொட்டியே வரும். தாய் குளத்தைக் கண்டால் நீர்நிலை என்றே நம்பி இறங்கும். குஞ்சுகளும் பின்னாலேயே குதிக்கும். நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள ஒரு சாண் உயரத்தை அவற்றால் ஏற முடியாது. நீந்திக் களைத்து, நனைந்து குளிர்ந்து, சில மணி நேரத்தில் இறந்துவிடும். இயன்றால் அந்தக் கிழமை குளத்தை மூடியே வைத்திருங்கள். திறந்துவிட்டிருந்தால், ஒரு நீளமான பலகையின் மேல் பழைய துவாயை இறுக்கிக் கட்டி, ஒரு முனை நீருக்குள் அமிழவும் மறுமுனை கரையில் பதியவும் சாய்வாக வையுங்கள். வெறும் பலகை வழுக்கும், ஆகவே துவாய் அவசியம். குஞ்சுகள் பக்கவாட்டு வடிகட்டி வாயில் இழுபடாமல் இருக்க, அவை குளத்தில் இருக்கும் நேரத்தில் பம்பை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது தெருவோர மழைநீர் வடிகால். அதன் இரும்புக் கம்பிகளுக்கிடையிலான இடைவெளி தாயின் காலுக்குச் சிறியது, குஞ்சுக்குப் பெரியது. உங்கள் வாசலுக்கு அருகில் ஒன்று இருந்தால், குடும்பம் நடக்கத் தொடங்கும்போது கால்துடைக்கும் பாயை அதன் மேல் விரித்துவிட்டு, அவை கடந்ததும் எடுத்துவிடுங்கள். மழையில் அப்படியே விட்டால் தெருவில் வெள்ளம் நிற்கும்.

ஐந்தாம் படி: அந்த நாள்

பொரிப்பதற்கு முன்னரே குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து கீச்சிடும். தாயும் அடித்தொண்டையில் மெல்லப் பதில் சொல்லும். சென்ற ஆண்டு மே 29ஆம் திகதி காலை, எங்கள் பேடு வழக்கமான நேரத்தில் மேய்ச்சலுக்குப் போகவில்லை. அதன் சிறகோரத்திலிருந்து மஞ்சளும் கருப்புமான ஒரு சிறு தலை வெளியே வந்து, மீண்டும் உள்ளே போனது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாய் எழும்பி நின்று தொடர்ச்சியாகக் குரல் கொடுத்தது. ஒன்பது குஞ்சுகள் அதன் காலடியில் குவிந்தன. பிறகு திறந்திருந்த கதவை நோக்கி நேராக நடந்தன. நாங்கள் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தோம்.

நீங்களும் அப்படியே இருங்கள். பின்தொடர்வதாயின் தாயின் பார்வையில் படாத தூரத்தில் செல்லுங்கள். விரட்டி வழிகாட்ட முயன்றால் தாய் வெருண்டு பறக்கும், குஞ்சுகள் சிதறும். குடியிருப்புத் தெருவில் வரும் வாகனங்களுக்குக் கை காட்டி வேகத்தைக் குறைக்கச் செய்யலாம். நெடுஞ்சாலையில் ஒருபோதும் இறங்க வேண்டாம், வாகனத்தையும் நிறுத்த வேண்டாம். 2010இல் மொன்றியலுக்குத் தெற்கே ஒரு நெடுஞ்சாலையில் தாராக் குஞ்சுகளுக்காக நிறுத்தப்பட்ட காரில் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். நிறுத்தியவரை 2014இல் நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டது. அத்தகைய சாலையில் பறவைகளைக் கண்டால் பொலிஸுக்கு அறிவிப்பது மட்டுமே நம் வேலை.

இடர் நேர்ந்தால்

கொண்டோ பல்கனியிலோ கூரையிலோ கூடு இருந்தால், நிலைமை வேறு. தாய் கீழே பறந்து நின்று அழைக்கும், குஞ்சுகள் குதிக்கும். எடை மிகக் குறைவு என்பதால், உயரம் ஒன்றிரண்டு மாடியும் கீழே புல்தரையும் என்றால் பல வேளை தப்பிவிடும். கீழே கொங்கிறீட் என்றாலோ, தாண்ட முடியாத கைப்பிடிச் சுவர் இருந்தாலோ, பொரிக்கும் நாளுக்கு ஒரு கிழமை முன்னரே ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டர் போன்ற காட்டுயிர் மீட்பு நிலையத்தை அழைத்து ஆலோசனை கேளுங்கள். நீங்களாகத் தாயைப் பிடிக்க முயன்றால் அது பறந்துவிடும். பிறகு குஞ்சுகளிடம் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

தனித்துப்போன ஒரு குஞ்சைக் கண்டால், தாயின் குரல் அருகில் கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கேட்டால் அந்தத் திசையில் விட்டு விலகுங்கள். கேட்காவிட்டால் துவாய் விரித்த ஒரு காட்போட் பெட்டியில், காற்றுத் துளை இட்டு, இருட்டான சூடான இடத்தில் வைத்துவிட்டு மீட்பு நிலையத்தை அழையுங்கள். உணவோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம்; தொட்டி நீரில் விடவே வேண்டாம், தாயின் கதகதப்பு இல்லாத குஞ்சு நீரில் குளிர்ந்துவிடும். வேறொரு தாயின் கூட்டத்தோடு சேர்த்துவிட முயன்றால் அந்தத் தாய் கொத்தக்கூடும். வீட்டில் வைத்து வளர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு காலை கூடு வெறுமையாக இருந்தால், ஓடுகளைப் பாருங்கள். முட்டையின் அகன்ற பக்கம் மூடி திறந்தாற்போல வெட்டப்பட்டு, உள்ளே தோல் போன்ற சவ்வு தனியே கழன்றிருந்தால் குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன. ஓடு நொறுங்கிக் கரு ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு விலங்கு தின்றிருக்கிறது; அப்படியானால் பேடு வேறிடத்தில் மீண்டும் முட்டையிடக்கூடும்.

குடும்பம் போன பிறகு இரண்டு நாள் பொறுத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து அந்த இடத்தைத் துப்புரவாக்குங்கள். 2021இன் கடைசியிலிருந்து இங்கே காட்டுப் பறவைகளிடையே எச்5என்1 பறவைக் காய்ச்சல் காணப்படுவதால், இறந்த பறவையையோ எச்சத்தையோ வெறுங்கையால் தொடாதீர்கள். குஞ்சு பொரித்த இடத்துக்கே அடுத்த ஆண்டும் பேடு திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி. நாங்கள் வேலிச் செடியின் அடிச் சருகை இம்முறை வாரவில்லை. பக்கக் கதவுக்கு வைத்த கல்லும் அங்கேயே இருக்கிறது.